மொட்டைமாடிக் காய்கறி – 4: காய்ச்சலும் பாய்ச்சலும்

போன வாரம் பைகளில் கலவை நிரப்பி, தக்காளி, கத்தரி நாற்றுகளை நட்டு முடித்தோம். இந்த வாரம் தண்ணீர். புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் முதலில் கேட்பது, "ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் ஊற்றணும்?" என்பதுதான். ஓர் எண்ணைச் சொல்லிவிட எனக்கு மனம் வருவதில்லை. சித்திரை வெயிலில் காய் பிடித்து நிற்கும் தக்காளி, ஊற்றிய இரண்டு லிட்டரையும் ஒரே நாளில் குடித்துவிடும். அதே பை ஐப்பசி அடைமழையில் நாள்கணக்கில் ஒரு சொட்டும் கேட்காது.

வயலில் காய்கறி போடுகிறவர்கள் நட்டவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர் விடுவார்கள். அதன்பிறகு காய்ச்சலும் பாய்ச்சலும்தான். மேல்மண்ணைக் காயவிட்டு, அப்புறம் வேர் நனையப் பாய்ச்சுவது. காயவிடுவது தண்ணீரை மிச்சம் பிடிக்க மட்டுமல்ல. வேருக்குக் காற்றும் வேண்டும். மண்ணின் சந்துகளில் எந்நேரமும் தண்ணீரே நின்றால் காற்றுக்கு இடமில்லை, வேர் அழுகிவிடும். அழுகிய வேரால் தண்ணீரை இழுக்க முடியாது, இலை தொங்கிப்போகும். வாடிவிட்டதே என்று நாம் இன்னும் ஊற்றுவோம். நான் பார்த்த மாடித் தோட்டங்களில் காய்ந்து போன செடிகளைவிட இப்படி அழுகிப் போனவைதான் அதிகம்.

ஆகவே இலையைப் பார்த்து ஊற்றாதீர்கள். சுரை, பூசணி, பீர்க்கு இலைகள் மண் ஈரமாக இருந்தாலும் உச்சிவெயிலில் துவளும், வெயில் தாழ்ந்ததும் நிமிர்ந்துவிடும். விடியற்காலையிலும் துவண்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்குக் கலவைக்குள் விடுங்கள். ஈரம் தட்டினால் பூவாளியைக் கீழே வைத்துவிடுங்கள். தட்டாவிட்டால், அடித்துளையில் நீர் கசியும்வரை ஊற்றுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் வேர் மேலேயே படர்ந்து, ஒருநாள் வெயிலுக்கே தாங்காமல் போகும். இந்த விரல் கணக்கு வளர்ந்த செடிகளுக்கு. விதைத்த கீரைக்கு மட்டும் மேல்மண் காயவே கூடாது, பூவாளியால் மெல்லத் தூவ வேண்டும்.

நார்த்தூள் கலந்த பைகளில் ஒரு சிக்கல் உண்டு. நார்த்தூள் தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். மேலே வெளுத்துக் காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே சொதசொதவென்று இருக்கும். ஆனால் ஒருமுறை அடியோடு காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது. ஊற்றியது பையின் ஓரமாக வழிந்து துளை வழியே ஓடிவிடும். நாம் நிறைந்துவிட்டது என்று நம்பிவிடுவோம். அப்போது கொஞ்சம் ஊற்றி, பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி ஊற்றுங்கள். பையை லேசாகத் தூக்கிப் பாருங்கள். கனம் ஏறியிருக்கிறதா என்று கை சொல்லிவிடும்.

தக்காளிப் பழத்தின் அடிப்பக்கம் கறுத்துத் தோல்போல ஆவதைப் பூச்சி என்று நினைத்து மருந்து அடிப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அது பூச்சியே அல்ல. சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடுதான் காய்க்குப் போய்ச் சேருகிறது. நாலு நாள் காயப்போட்டு ஐந்தாம் நாள் குளிப்பாட்டினால், மண்ணில் சத்து இருந்தும் காய்க்கு எட்டாது. காய்ச்சல் அளவோடு இருக்க வேண்டும். காய்ந்த சருகோ தேங்காய் மட்டையோ போட்டு மூடாக்கு இட்டால் ஈரம் சீராக நிற்கும்.

காலை ஊற்றுவதே நல்லது. வெயிலில் கிடந்த குழாயின் முதல் தண்ணீர் கொதிக்கும், அதை வேறொரு வாளியில் பிடித்து ஆறவிடுங்கள்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு மண் கலயம் உதவும். மெருகிடாத சிறு கலயத்தைச் செடியருகே கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி மூடிவையுங்கள். சுற்றியுள்ள மண் காயக் காய நீர் கசியும், நனைந்தால் கசிவு குறையும். கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டின் சீன வேளாண் நூலிலேயே இந்த முறை இருக்கிறது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. குடிநீர் சுத்திகரிப்பான் வெளியேற்றும் நீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு விடுகிறோம். போர்வெல் நீரில் உப்பு அதிகமுள்ள வீடுகளில் அது இன்னும் உப்பாக வெளியே வரும். பை ஓரத்தில் வெள்ளையாகப் பூத்தால் உடனே நிறுத்துங்கள். பீட்ரூட் ஓரளவு தாங்கும், பீன்ஸ் தாங்கவே தாங்காது. படிந்த உப்பைக் கழுவ மழைநீர்தான் சிறந்தது. மாடியில் ஒரு பீப்பாயை வைத்து அதைப் பிடித்துவைப்பது எப்படி என்று அடுத்த வாரம் பார்ப்போம்.