கப்பல் எந்தத் துறையில் நிற்கும்?

உல்லாசப் பயணக் கப்பலை மிதக்கும் ஊர் என்றால் மிகையாகாது. மூவாயிரம், நாலாயிரம் பேர் அதில் உண்டு உறங்கி, வார முழுதும் கடலிற் செல்கின்றனர். வழியிலுள்ள துறைமுகங்களில் இறங்கி ஊர் பார்க்கின்றனர். அக்கப்பல் ஓர் ஊரில் பகல் முழுதும் தங்குகிறது. மற்றோர் ஊரில் இரவில் சில மணி நேரமே நிற்கிறது. வேறோர் ஊரைக் கண்ணெதிரே கண்டும் நில்லாது போய்விடுகிறது. இஃது ஏன்? அழகிய ஊரில் நிற்கும், அழகற்ற ஊரை விட்டுவிடும் என்று விடை கூறுதல் எளிது. ஆனால் உண்மை அதுவன்று. சட்டம், கடல், செலவு, ஊராரின் விருப்பம் ஆகிய நான்கும் சேர்ந்தே இதனை முடிவு செய்கின்றன.

மாணவ நண்பர்களே, இதனைப் பொதுப்படப் பேசுவதைவிட, ஒரே ஒரு கடல்வழியை எடுத்துக்கொண்டு ஆராய்வது நலம் என்று கருதுகிறேன். வட அமெரிக்காவின் மேற்குக் கரையை உலகப் படத்தில் பாருங்கள். தெற்கே சியாட்டில் நகரம். அஃது அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்தது. அதற்கு வடக்கே கனடாவின் கரை. அதற்கும் வடக்கே அலாஸ்கா. அது மீண்டும் ஐக்கிய நாடுகளைச் சேர்ந்தது. கோடைக் காலத்தில் சியாட்டிலிலிருந்து புறப்படும் கப்பல்கள் கெச்சிகன், ஜூனோ, ஸ்காக்வே முதலிய அலாஸ்கா ஊர்களைக் கண்டு, ஏறத்தாழ ஒரு வாரத்தில் திரும்புகின்றன. திரும்பும் வழியில், பெரும்பாலும் கடைசி நாள் மாலையில், கனடாவைச் சேர்ந்த விக்டோரியா நகரில் நின்று, நள்ளிரவையொட்டிப் புறப்பட்டு, விடியற்காலையில் சியாட்டிலை அடைகின்றன. இருட்டும் நேரத்தில் ஓர் ஊரைக் காட்டுவானேன்? அவ்வூரின் புகழ்பெற்ற பூந்தோட்டங்களைப் பகலிற் காட்டலாகாதா?

இதற்கு விடை 1886ஆம் ஆண்டிலே இருக்கிறது. அவ்வாண்டு அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. ஐக்கிய நாடுகளின் ஒரு துறைமுகத்தில் ஏற்றிய பயணிகளை அந்நாட்டின் மற்றொரு துறைமுகத்துக்கு அயல்நாட்டுக் கப்பல் கொண்டு செல்லலாகாது என்பது அதன் சாரம். உள்நாட்டுக் கப்பல் தொழிலைக் காப்பதே அதன் நோக்கம். இன்றைய பெரிய உல்லாசக் கப்பல்களிற் பெரும்பாலானவை இத்தாலி, ஜெர்மனி, பிரான்ஸ், பின்லாந்து முதலிய நாடுகளிற் கட்டப்பட்டவை. பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியைப் பறக்கவிடுபவை. ஆகவே இச்சட்டம் அவற்றைக் கட்டுப்படுத்துகிறது. சென்ற துறைக்கே திரும்பி வரும் பயணமாயின், இடையில் அயல்நாட்டுத் துறைமுகம் ஒன்றிலேனும் நின்றாக வேண்டும். வழியிலுள்ள அயல்நாடு கனடா ஒன்றே. எனவே விக்டோரியாவில் நிற்பது சட்டத்துக்காக. இரவில் நிற்பது, பகற்பொழுதை அலாஸ்காவுக்கு மிச்சப்படுத்துவதற்காக.

இதன் வலிமையைக் கொள்ளைநோய்க் காலம் நன்கு உணர்த்திற்று. 2020இலும் 2021இலும் கனடா தன் துறைமுகங்களைப் பெரிய உல்லாசக் கப்பல்களுக்கு மூடிவிட்டது. கனடாவில் நிற்க இயலாதெனின், சட்டப்படி அலாஸ்காவுக்கும் செல்ல இயலாது. 2020இன் கோடை வெறிதே கழிந்தது. ஸ்காக்வே என்பது ஆயிரத்துச் சொச்சம் பேரே நிலையாக வாழும் சிற்றூர். கோடையிற் கப்பலில் வருவோரை நம்பியே அவ்வூரின் கடைகளும் மலை இரயிலும் நடக்கின்றன. கப்பல் வாராத அந்த ஆண்டில் அவ்வூரார் பட்ட துன்பம் கொஞ்சமன்று. பின்னர், 2021 மே மாதத்தில், கனடாவில் நில்லாமலே செல்லலாம் என்று அமெரிக்கக் காங்கிரஸ் தற்காலிகச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது; அக்கோடையிலேயே கப்பல்கள் வரத் தொடங்கின. அலாஸ்கா மகிழ்ந்தது, ஆனால் விக்டோரியா கவலைகொண்டது. இவ்விலக்கு நிலைத்துவிடின் தம் ஊரிற் கப்பல் நிற்பது குறையுமே என்பது அவர்கள் அச்சம். இலக்கு நிலைக்கவில்லை, 2022இல் கப்பல்கள் மீண்டும் விக்டோரியாவுக்கு வந்தன. ஓர் ஊரின் பிழைப்பு மற்றொரு நாட்டின் சட்ட வாசகத்திலே தொங்குவதை இங்கே காண்கிறோம்.

இனிக் கடலைப் பார்ப்போம். கனடாவின் வான்கூவர் நகரிலிருந்து புறப்படும் அலாஸ்காக் கப்பல்கள் பல, சீமோர் என்னும் குறுகிய நீரிணை வழியே செல்கின்றன. அங்கே ஓதத்தின் வேகம் மணிக்குப் பதினைந்து கடல் மைல் வரை எழும். பெருங்கப்பலும் அதனை எதிர்த்து நிற்றல் அரிது. ஆகவே ஏற்றமும் வற்றமும் மாறும் இடைவேளையில், நீர் சற்றே ஓய்ந்திருக்கும்போது, அதனைக் கடக்க வேண்டும். அவ்வேளைக்கு ஏற்பவே முன்னும் பின்னும் உள்ள துறைகளில் நிற்கும் நேரம் அமைக்கப்படுகிறது. அந்நீரிணையின் நடுவே முன்பு ஒரு பாறை மறைந்திருந்து பல கலங்களைக் கவிழ்த்தது. 1958 ஏப்ரல் 5ஆம் நாள், ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட வெடிமருந்திட்டு அதன் தலையைத் தகர்த்தனர். பாறையைத் தகர்க்க முடிந்தது. ஓதத்தை நிறுத்த முடியவில்லை.

காற்றும் இவ்வாறே. பல அடுக்குகளாக உயர்ந்து நிற்கும் கப்பலின் பக்கச் சுவர், பெரும் பாய் போலக் காற்றை வாங்கும். துறைமேடையை அணுகும்போது பலத்த காற்று குறுக்கே வீசினால், கப்பல் மேடையில் மோதும். அல்லது கட்டிய கயிறு அறும். மேடை இல்லாத இடங்களில் சிறு படகுகளிற் பயணிகளை இறக்க வேண்டும். அலை உயர்ந்தால் முதியோரும் குழந்தைகளும் படகில் கால் வைப்பதே ஆபத்து. அத்தகைய வேளையில் நில்லாது செல்க என்று முடிவு செய்வது கப்பல் தலைவரின் உரிமை மட்டுமன்று, கடமையுமாகும். கரையிலிருந்து காண்போர்க்கு வெயில் பளிச்சென்றிருக்கலாம்; காற்றின் விசை கண்ணுக்குத் தெரிவதில்லை.

மலையும் சில நேரம் குறுக்கிடுகிறது. 2022இல் ஸ்காக்வேயின் இரயில்வேத் துறைமேடைமீது பாறைகள் சரிந்தன. மேடையின் ஒரு பகுதியைக் கப்பலுக்கு உதவாதென மூடிவிட்டனர்.

மூன்றாவது, செலவு. கப்பலைச் செலுத்தும் ஆற்றல், ஏறக்குறைய வேகத்தின் முப்படிக்கு ஏற்ப உயர்கிறது என்பது நீங்கள் நினைவிற் கொள்ளவேண்டிய கணக்கு. மணிக்கு 18 கடல் மைல் செல்லும் கப்பல் 20 கடல் மைல் செல்ல விரும்பினால், வேகம் ஒன்பதில் ஒரு பங்கே கூடுகிறது. ஆனால் வேண்டிய ஆற்றலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. ஆகவே தொலைவிலுள்ள ஒரு துறையைச் சேர்க்க வேண்டுமாயின், மிகுந்த எண்ணெயை எரிக்க வேண்டும். இன்றேல் வேறு துறைகளில் நிற்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். பல ஊர்கள் பட்டியலிலிருந்து விழுவதன் காரணம் இந்தக் கூட்டல் கழித்தலே.

நான்காவதே எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிறது. அது ஊராரின் விருப்பம். ஜூனோ அலாஸ்காவின் தலைநகரம். வெளியூரிலிருந்து அதற்குச் சாலை வழி கிடையாது. கடல்வழி அல்லது வான்வழியே செல்லவேண்டும். ஏறத்தாழ 32,000 பேர் வாழும் அவ்வூருக்கு, 2023இன் கோடையில் 16 லட்சத்துக்கு மேற்பட்டோர் கப்பலில் வந்தனர். நம் சிற்றூர் ஒன்றில் நாள்தோறும் தேர்த் திருவிழா நடந்தால் எப்படி இருக்கும்! கடைக்காரர்க்கு வருவாய், மற்றவர்க்கோ ஹெலிகாப்டர் இரைச்சலும் பேருந்து நெரிசலும். ஊரவை கப்பல் நிறுவனங்களோடு பேசி, 2024 முதல் நாளொன்றுக்கு ஐந்து பெரிய கப்பல்களே வரலாம் என்று உடன்பாடு செய்தது. பின்னர், 2026 முதல் நாளொன்றுக்கு 16,000 பயணிகள், சனிக்கிழமையில் 12,000 பயணிகள் என்ற அளவும் ஏற்கப்பட்டது. ஊர்த்தொகையிற் பாதி! சனிக்கிழமைகளிற் பெரிய கப்பலே கூடாது என்ற தீர்மானம் 2024 அக்டோபரில் வாக்குக்கு வந்தபோது, மக்கள் அதனை ஏற்கவில்லை. வேண்டாம் என்று கதவடைக்கவும் மனமில்லை. அளவின்றி ஏற்கவும் ஆற்றலில்லை. இவ்விரண்டுக்கும் இடையே அவ்வூர் வழி தேடிக்கொண்டிருக்கிறது.

அருகிலுள்ள பனியாற்று விரிகுடாத் தேசியப் பூங்காவுக்குள் நாளொன்றுக்கு இரண்டு உல்லாசக் கப்பல்களுக்கே இசைவு உண்டு. ஹூனா என்னும் ஊரிலோ, கிளிங்கிட் பழங்குடி மக்களின் நிறுவனமே பழைய மீன் பதனிடும் ஆலையைச் சீர்ப்படுத்தி, 2004 முதல் கப்பல்களை வரவேற்கிறது. அங்கே கப்பல் நிற்பதன் வருவாயிற் பங்கு அம்மக்களுக்கே சேர்கிறது. துறை யாருடையது என்பதைப் பொறுத்தே, கப்பல் வருவதால் யார் வாழ்கிறார் என்பதும் அமைகிறது.

ஆகவே நண்பர்களே, பயணப் பட்டியலில் ஓர் ஊரின் பெயரையும் அதன் பக்கத்தில் ஒரு நேரத்தையும் கண்டால், அதனை வெறும் கால அட்டவணை என்று கருதிவிடாதீர்கள். ஒரு பழைய சட்டமும், ஓதத்தின் கணக்கும், எண்ணெயின் விலையும், அவ்வூர் மக்களின் வாக்கும் அந்த ஒரு வரிக்குள்ளே அடங்கியிருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் படிக்கப் பழகுங்கள். பூகோளமும் பொருளாதாரமும் குடிமையியலும் தனித்தனிப் பாடங்களல்ல என்பது அப்போது தெளிவாகும்.