தண்டவாளம் தாண்டுமுன் ஒரு நிமிடம்!



காய்ச்சல், இருமல் பற்றி எழுதும் இந்தப் பகுதியில், இம்முறை என் மருந்து அலமாரியில் மருந்தே இல்லாத ஒரு வியாதியைப் பற்றிச் சொல்கிறேன். அதன் பெயர் அவசரம்.

சில வருடங்களுக்கு முன்பு, நான் வேலை பார்த்த தோட்டத்தில் ஒரு புருஷனும் பெண்சாதியும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று மோட்டார் சைக்கிளில் கிளம்பினார்கள். மழைத் தூறல். வழியில் கேட்டும் காவலும் இல்லாத தண்டவாளம். பக்கத்தில் லாலான் புல் ஆள் உயரம். ரயில் ஊதியது லயத்தில் இருந்த எங்களுக்கே கேட்டது. மழைக்கோட்டால் காதை மூடியிருந்த அவருக்குக் கேட்கவில்லை. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

அந்த அம்மாவுக்குத் தொடை எலும்பு முறிவு. நான் ஓடிப் போவதற்குள் நாலு பேர் கையைக் காலைப் பிடித்துத் தூக்கி, வாயில் காப்பியும் ஊற்றிவிட்டார்கள். நல்ல மனசோடு செய்ததுதான். ஆனால் அசைத்ததால் ரத்தப்போக்கு கூடியது. வயிற்றில் காப்பி இருந்ததால் மயக்க மருந்து கொடுக்க டாக்டருக்குச் சங்கடம். அவர் பிழைத்தார், இன்றும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். "தினமும் போற வழிதானே ஐயா" என்று அழுதார். தினமும் போகிற வழி என்பதால்தானே நாம் பார்க்காமல் போகிறோம்!

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில், ஒரு வினாடியில் சுமார் 28 மீட்டர் தாண்டும். பிரேக் போட்டாலும் நிற்க ஒரு கிலோமீட்டர்கூட ஆகலாம். ஒதுங்கவும் அதற்கு வழியில்லை. பெரிய பொருள் தூரத்தில் மெதுவாக வருவது போலத்தான் கண்ணுக்குத் தெரியும். "போயிடலாம்" என்று கணக்குப் போடாதீர்கள்.

ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 2014-ல் இரட்டை மின்சாரப் பாதை வந்தபோது, ரயில் கேட்டுகளுக்குப் பதில் பாலங்கள் கட்டினார்கள். கிம்மாஸ் – தும்பாட் பாதை இன்னும் ஒற்றைப் பாதைதான். அங்கே கேட்டும் காவலும் இல்லாமல் சாலை குறுக்கிடும் இடங்களில் நம் கண்ணும் காதும்தான் காவல்.

நினைவில் வையுங்கள்:

1. நில்லுங்கள். மோட்டார் சைக்கிளில் மழைக்கோட்டுத் தொப்பியைத் தள்ளி, இரண்டு பக்கமும் பார்த்து, காது கொடுத்துக் கேளுங்கள்.

2. லோரி, டிராக்டர் ஓட்டுகிறவர்கள், அந்தப் பக்கம் வண்டி முழுதும் நிற்க இடமிருந்தால் மட்டும் ஏறுங்கள். தண்டவாளத்தின் மேல் கியர் மாற்றாதீர்கள்.

3. வண்டி நின்றுவிட்டால் சாமானைப் பார்க்காமல் எல்லாரும் இறங்குங்கள். ரயில் வருகிற திசைப் பக்கமாக, தண்டவாளத்தை விட்டுச் சாய்வாக விலகி ஓடுங்கள். எதிர்த்திசையில் ஓடினால் மோதிய வண்டியின் துண்டுகள் உங்கள் மேல் விழும்.

4. மின்சாரப் பாதையின் மேல்கம்பியில் 25,000 வோல்ட் ஓடுகிறது. தொடாமலே பாயும். குலை வெட்டும் அலுமினியக் கம்பை அதன் பக்கத்தில் நிமிர்த்திப் பிடிக்காதீர்கள்.

விபத்து நடந்துவிட்டால் முதலில் அடுத்த ரயில் வருகிறதா என்று பாருங்கள். 999-க்குச் சொல்லுங்கள். ரத்தம் வரும் இடத்தைச் சுத்தத் துணியால் விடாமல் அழுத்துங்கள். வேறு ஆபத்து இல்லாதபோது அடிபட்டவரைத் தூக்காதீர்கள், கழுத்தை அசைக்காதீர்கள். தண்ணீர், காப்பி எதுவும் வேண்டாம். போர்வை போர்த்திப் பேச்சுக் கொடுங்கள். துண்டான விரலோ கையோ இருந்தால் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸில் வைத்து அனுப்புங்கள். நேராக ஐஸில் போடக்கூடாது.

இன்னொன்று. உங்கள் தோட்டப் பாதையில் பார்வையை மறைக்கும் புல்லும் புதரும் இருக்கிறதா? கிளைக் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். வெட்டச் சொல்லி நிர்வாகத்துக்குச் சங்கத்தின் மூலம் எழுதுங்கள். அன்றைக்கு அந்த லாலானை யாராவது வெட்டியிருந்தால், ஒரு குடும்பம் தகப்பனை இழந்திருக்காது.

பெரட்டுக்குப் பிந்தினால் திட்டு விழும். வாங்கிக் கொள்ளலாம். போன உயிரை எந்த ஆஸ்பத்திரியிலும் வாங்க முடியாது.