தொலைவின் விலை

திருவண்ணாமலையில் மலையை வலம்வரும் பாதை 14 கிலோமீட்டர் நீளமுடையது. பெரிய கோயிலுக்கு மலையின் மறுபுறத்தில் அப்பாதையை ஒட்டி அமைந்த ஊர் அடி அண்ணாமலை. முழுநிலா இரவுகளில் இவ்வழியே நடப்போர், வழியோரக் கடைகளில் வாங்கும் பொருளைத் தாமே சுமந்து செல்கின்றனர். பொருளின் விலையைச் சொன்னால் போதும். சுமைகூலியைப் பற்றிக் கடைக்காரர் எண்ண வேண்டியதில்லை. அக்கடைக்காரரே கார்த்திகைத் தீபத்தையொட்டி அகல்விளக்குகளை இணையவழியில் விற்கத் தொடங்குகிறார் எனக் கொள்வோம். முதல் நாளே அவர் முன் ஒரு வினா எழும்: விளக்கை வாங்குபவரின் வாசல்வரை கொண்டுசேர்க்கும் செலவை யாரிடம், எவ்வாறு பெறுவது? இவ்வினாவுக்குப் பிழையான விடை கண்ட சிறுகடைகள், நன்றாக விற்றும் நட்டமடைகின்றன.

முதலில் செலவை அறிதல் வேண்டும். பன்னிரண்டு விளக்குகளின் எடை 400 கிராம் என்க. அவற்றை வைக்கோலுக்கிடையே அடுக்கி அட்டைப்பெட்டியில் இட்டு ஒட்டுநாடா சுற்றினால் எடை 900 கிராமாகிறது. அஞ்சலகத் தராசு விளக்கை மட்டும் நிறுப்பதில்லை. வைக்கோலையும் அட்டையையும் சேர்த்தே நிறுக்கிறது. இதனினும் நுட்பமான ஒன்று, கனஅளவு எடை என்பது. வண்டியில் இடம் அடைக்கும் பொதிக்கு அதன் இடத்திற்கேற்பக் கட்டணம் பெறும் முறை இது. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பது பரவலான வழக்கம். நம் பெட்டி 30, 20, 20 சென்டிமீட்டர் எனில், பெருக்குத்தொகை 12,000, வகுத்தால் 2.4 கிலோகிராம். உண்மை எடை, கனஅளவு எடை இரண்டனுள் மிகுதியானதற்கே கட்டணம் கணிக்கப்படும். ஆகவே 900 கிராம் பொதிக்கு 2.4 கிலோகிராமுக்குரிய கட்டணம் செலுத்த நேரிடும். விளக்குகளை ஒன்றினுள் ஒன்றாகச் செருகி, இடையே தாளை மடித்துவைத்துச் சிறிய பெட்டியில் அடக்கக் கற்றவர் அச்செலவில் பெரும்பகுதியை மிச்சப்படுத்துவார். விலைப்பட்டியலைத் திருத்துவதற்கு முன் பெட்டியைத் திருத்துவதே அறிவுடைமை.

அடுத்தது தொலைவு. தொலைவுக்குத் தக்க கட்டணமே முறை என்று தோன்றலாம். ஒருகாலத்தில் கடிதங்களுக்கும் அவ்வாறே இருந்தது. 1837ஆம் ஆண்டுச் சட்டப்படி, கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு தோலா எடையுள்ள கடிதத்தை அனுப்ப ஒரு ரூபாய் ஆயிற்று. அதே ஆண்டில் இங்கிலாந்தில் ரோலண்டு ஹில் என்பவர் அஞ்சல் சீர்திருத்தம் குறித்து ஒரு சிறுநூல் வெளியிட்டார். இலண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தை எடுத்துச்செல்ல ஆகும் உண்மைச் செலவு, ஒரு பென்னியில் 36இல் ஒரு பங்குதான் என அவர் கணக்கிட்டுக் காட்டினார். கடிதத்தைப் பெறுதல், பிரித்தல், கணக்கெழுதுதல், வீட்டில் சேர்த்தல் ஆகியவற்றிற்கே பெருஞ்செலவு. அச்செலவு பக்கத்துத் தெருவுக்கும் தொலைநகருக்கும் ஒன்றே. இக்கணக்கின் பயனாக 1840இல் அந்நாடு முழுவதும் ஒரு பென்னி என்னும் ஒரே கட்டணம் வந்தது. இந்தியாவில் 1854 அக்டோபர் முதல் நாள் தொலைவு வேறுபாடு நீங்கியது. கால் தோலா எடைவரை அரையணா, ஒரு தோலாவுக்கு இரண்டணா. முன்பு பதினாறணா ஆன பம்பாய்க் கடிதம் இரண்டணாவில் சென்றது. எளியோரும் கடிதம் எழுத வழி திறந்த நாள் அது எனலாம்.

கடிதத்திற்குப் பொருந்திய அந்த நியாயம் விளக்குப் பெட்டிக்கு முழுதும் பொருந்தாது. கடிதம் ஏறத்தாழ எடையற்றது. பொதியோ வண்டியில் இடம் கொள்வது, எரிபொருள் உண்பது. ஆதலால் இந்திய அஞ்சல்துறையின் விரைவு அஞ்சலில் எடையுடன் 200, 500, 1000, 2000 கிலோமீட்டர் என்னும் தொலைவுப் படிகளும் கட்டணத்தை முடிவுசெய்கின்றன. கட்டணத்தைக் கணிப்பதில் அஞ்சல்துறைகளே தடுமாறியதுண்டு. அமெரிக்காவில் 1913இல் பொதியஞ்சல் தொடங்கியபின், யூட்டா மாநிலத்தின் வெர்னல் என்னும் சிற்றூரில் வங்கி கட்ட விரும்பியவர்கள், செங்கல்லை வண்டியில் ஏற்றுவதினும் அஞ்சலில் அனுப்புவது மலிவு எனக் கண்டனர். 1916இல் அவ்வங்கிக்குரிய செங்கற்கள் 50 பவுண்டுப் பொதிகளாக அஞ்சலில் வந்து குவிந்தன. திகைத்த அஞ்சல்துறை, ஒருவர் ஒரு நாளில் ஒருவருக்கு அனுப்பும் எடைக்கு வரம்பு விதித்தது. விலையைத் தவறாக இட்டால், அத்தவற்றைப் பயன்படுத்திக்கொள்வோர் தாமே வந்துசேர்வர்.

அடி அண்ணாமலைக் கடைக்காரருக்கும் இது நேரும். கணக்கின் எளிமைக்காகச் சில தொகைகளைக் கொள்வோம். தமிழ்நாட்டுக்குள் அனுப்ப 70 ரூபாய், வெளிமாநிலத்திற்கு 150 ரூபாய். நூறு பொதிகளில் எழுபது உள்ளேயும் முப்பது வெளியேயும் செல்கின்றன எனில் மொத்தச் செலவு 9,400 ரூபாய், சராசரி 94. எல்லார்க்கும் 94 ரூபாய் என அறிவிப்பது எளிது, பார்வைக்கும் நேர்மையானது. ஆனால் வேலூர்க்காரர் 24 ரூபாய் மிகுதியாகத் தருகிறார். அவர் வேறு கடையை நாடக்கூடும். தில்லிக்காரர்க்கு 56 ரூபாய் மிச்சம். அவர் தம் நண்பர்க்கும் சொல்லுவார். மறு ஆண்டு ஐம்பதுக்கு ஐம்பது என ஆகிவிட்டால் சராசரி 110 ரூபாய். ஒவ்வொரு பொதியிலும் 16 ரூபாய் இழப்பு. ஒரு பெட்டியில் 30 ரூபாய் ஆதாயம் வைத்திருந்தவர்க்குப் பாதி போயிற்று. விற்பனை பெருகியதாகவே அவர் மகிழ்ந்துகொண்டிருப்பார். சராசரியை நம்புவோர் அதனை ஆண்டுதோறும் புதிதாகக் கணித்தல் வேண்டும்.

‘அனுப்புகை இலவசம்’ என்பது மற்றொரு வழி. 180 ரூபாய் விளக்குப் பெட்டிக்கு 274 ரூபாய் விலையிட்டு இலவசம் என்பர். ஒரு பெட்டி வாங்குபவர்க்கு இதனால் வேறுபாடில்லை. இரண்டு பெட்டி வாங்குபவர் 548 ரூபாய் தருகிறார். இரண்டையும் ஒரே பொதியாக அனுப்பினால் கூடுதற்செலவு 40 ரூபாய் எனில், உள்ளபடி ஆவது 494 ரூபாயே. மிகுதியாக வாங்கும் நல்ல வாடிக்கையாளரே இங்குத் தண்டம் செலுத்துகிறார். குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கினால் மட்டும் கட்டணமில்லை என்னும் முறை இதனினும் பொருத்தமானது. பொதி இரட்டித்தாலும் பெறுதல், பதிதல், வாசலில் சேர்த்தல் ஆகிய நிலைச்செலவுகள் இரட்டிப்பதில்லை. ஹில் கண்ட உண்மை இவ்வளவில் இன்றும் செல்லும்.

எவ்வழியைத் தேர்ந்தாலும் அதனை வெளிப்படக் கூறவேண்டும் என்பது சட்டம். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், மொத்த விலையையும் அதனுள் அடங்கிய அனுப்புகை, அஞ்சல், கையாளுகைக் கட்டணங்களையும் வரியையும் பிரித்துக் காட்டப் பணிக்கின்றன. பணம் செலுத்தும் இறுதிப் பக்கத்தில் திடீரென ஏறும் தொகையைக் கண்டு வாங்காமல் விலகியவர்கள் இவ்விதியின் தேவையை உணர்வர்.

பொருள் கைக்கு வந்தபின் பணம் தரும் முறையும் புதிதன்று. 1877லேயே இந்திய அஞ்சல்துறை வி.பி.பி. முறையைத் தொடங்கியது. அஞ்சற்காரர் பொதியைக் கொடுத்துப் பணம் பெற, அப்பணம் விற்றவருக்கு அனுப்பப்பட்டது. காணாத கடைக்காரரை நம்பத் தயங்கியவர்க்கு அது துணையாயிற்று. எனினும் வாங்க மறுத்தால் பொதி திரும்பும்; செலுத்திய கட்டணம் திரும்பாது. இன்றைய கூரியர் நிறுவனங்களில் திரும்பும் வழிக்கும் தனிக்கட்டணம் உண்டு. 70 ரூபாய்ப் பொதி ஒன்று மறுக்கப்பட்டு, திரும்புவதற்கும் அதே தொகை ஆயின் இழப்பு 140 ரூபாய். அதனை ஈடுசெய்ய 30 ரூபாய் ஆதாயத்தில் ஐந்து பெட்டிகள் விற்கவேண்டும். வழியில் உடையும் விளக்குகளுக்கும் இவ்வாறே ஒரு தொகையை ஒதுக்கிவைத்தல் நன்று.

அகல்விளக்கு விற்போர்க்கு மட்டும் உரிய இடர் ஒன்றுண்டு. கார்த்திகைத் தீபத்தின் மறுநாள் சேரும் விளக்கு, அவ்வாண்டுக்குப் பயன்படாதது. தீபத்திற்கு முந்திய நாள்களிலோ வலப்பாதையில் மக்கள் வெள்ளம், போக்குவரத்து மாற்றிவிடப்படும், பொதியெடுக்கும் வண்டி ஊருக்குள் வருவது அரிது. வடகிழக்குப் பருவமழையும் அப்பொழுதே. ஆகையால் விலைப்பட்டியலின் தலைப்பிலேயே இரு தேதிகள் இடம்பெற வேண்டும்: தமிழ்நாட்டுக்குள் ஆணை ஏற்கும் கடைசி நாள் ஒன்று, வெளிமாநிலத்திற்கு அதற்கும் ஒரு வாரம் முந்தியது மற்றொன்று.