கணினியிடம் சரியாகக் கேளுங்கள்

கடனை எழுதி வைக்கும்படி அல்குர்ஆனின் 2ஆம் அத்தியாயம், 282ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகின்றது. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் கடை நடத்தும் நம் சகோதரர்கள் சிலர் கடன் கொப்பியைக் கணினிக்கு மாற்றியிருக்கின்றார்கள். நல்ல விடயம். ஆனால் எழுதினால் மட்டும் போதாது. கேட்கும்போது உரிய ஆளின் கணக்கு வரவேண்டும்.

10ஆம் திகதி தோட்டச் சம்பளம். அதற்கு முன் தோட்டவாரியாகப் பட்டியல் எடுக்க வேண்டும். இதற்காகத் தோட்டத்துக்கு ஒரு குவெரி செய்து வைப்பவர்களை நான் பார்த்திருக்கின்றேன். அது வீண் வேலை. ஒரே குவெரி போதும்.

மைக்ரோசொப்ட் அக்செஸில் குவெரியை வடிவமைக்கும் பக்கத்தில் 'கிரைட்டீரியா' என்றொரு நிரை உண்டு. 'தோட்டம்' என்ற நிரலின் கீழ், அந்த நிரையில் நோர்வூட் என்று எழுதாமல், சதுர அடைப்புக்குள் [எந்தத் தோட்டம்?] என எழுதுங்கள். குவெரியை இயக்கும் ஒவ்வொரு முறையும் கணினி அந்தக் கேள்வியைக் கேட்கும். நீங்கள் கொடுக்கும் விடையே பாராமீட்டர். அந்தத் தோட்டத்தின் கணக்கு மட்டும் வரும். அடைப்புக்குள் வெறுமனே [தோட்டம்] என்று நிரலின் பெயரையே எழுதிவிடாதீர்கள். கணினி கேள்வி கேட்காது. எல்லாத் தோட்டங்களும் வந்து நிற்கும்.

பெயரை மட்டும் கேட்பதும் ஆபத்து. ஒரே டிவிசனில் இரண்டு செல்வராஜ் இருக்கலாம். செக்ரோல் இலக்கம் மட்டும் போதுமா? அதே இலக்கம் பக்கத்துத் தோட்டத்திலும் இருக்கும். ஆகவே தோட்டம், டிவிசன், செக்ரோல் இலக்கம் மூன்றையும் கேளுங்கள். மூன்று கேள்விகளும் ஒரே நிரையில் இருந்தால்தான் மூன்றும் பொருந்தும் ஆள் வருவார். ஒன்றைக் கீழ் நிரையில் எழுதினால் 'அல்லது' என்று பொருளாகி, சம்பந்தமில்லாதவர்களும் பட்டியலில் ஏறுவார்கள். கூலிக்கு உழைக்கும் ஒருவரிடம் அவர் வாங்காத கடனைக் கேட்பது சிறிய தவறல்ல.

ஸகாத் கணக்குக்கும் இது உதவும். ஹிஜ்ரி ஆண்டு ஏறக்குறைய 354 நாட்கள். எனவே உங்கள் ஸகாத் நாள் ஆங்கிலக் கலண்டரில் வருடாவருடம் சுமார் 11 நாள் முன்னே வரும். திகதி நிரலில் <=[எந்தத் திகதி வரை?] என்று எழுதினால், அன்றுவரை கொடுத்த கடன் வந்துவிடும். வசூலையும் அதே திகதிவரை எடுத்துக் கழித்தால், வரவேண்டிய பாக்கி தெரியும். அதில் எதைச் சேர்ப்பது என்பதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணினி கேட்டதைத்தான் தரும். கேட்பதில் நீதியாக இருப்பது நம் பொறுப்பு.