நிழலுக்கு ஜீவன் தரும் கைகள்

1555-ஆம் ஆண்டு வாக்கில் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்ததும், 1663-இல் டச்சுக்காரர் செப்பனிட்டதால் டச்சு அரண்மனை என்று பெயர் பெற்றதுமான மட்டாஞ்சேரி மாளிகையின் பள்ளியறைச் சுவர்களில், தசரதன் செய்த வேள்வி முதல் ராமன் அயோத்தி திரும்பியது வரையிலான கதை வர்ண சித்திரங்களாக விளங்குகிறது. சுவரில் அசையாமல் நிற்கும் அந்தக் கதையே, வடக்கே ஷோரனூர்ப் பக்கத்துப் பத்ரகாளி கோயில்களில், சினிமா பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னரே திரையில் அசையத் தொடங்கிவிட்டது. அதுதான் தோற்பாவைக் கூத்து.

மயிர் நீக்கி உலர்த்திய மான்தோலில், இக்காலத்தில் ஆட்டுத்தோலில், உருவம் வரைந்து வெட்டி, கிரீடமும் ஆரமும் அமையும் இடங்களில் உளியால் நுண்ணிய துளைகள் இடுவார்கள். 42 அடி நீளத் திரைக்குப் பின்னே 21 தேங்காய் மூடிகளில் திரி எரியும்போது, துளைகளின் வழியே ஒளி கசிந்து, கரிய நிழலுக்குள் ஆபரணங்கள் மட்டும் மின்னும். கலைஞர் இடக்கையால் பாவையைத் திரையோடு சேர்த்துப் பிடித்து, வலக்கைக் குச்சியால் அதன் கரத்தை ஆட்டுவார். அசைவது ஒரு கரமே ஆனாலும், சுடர் நடுங்குந்தோறும் நிழலும் நடுங்குவதால், பாவை மூச்சு விடுவதாகவே தோன்றும்.

கூத்தில் பாடப்படுவது கம்பராமாயணம். அதைப் பாடிப் பொருள் விரிப்பவருக்குப் புலவர் என்றே பட்டம். தாரிகன் என்ற அசுரனோடு போர் புரிந்துகொண்டிருந்த காளி ராவண வதத்தைக் காணவில்லை என்றும், அக்குறை தீரவே கூத்து நடக்கிறது என்றும் ஐதிகம். ஆகையால், எதிரே ஒருவரும் இல்லாத இரவிலும் கூத்து நிற்பதில்லை.

பாவைக்குக் கை தரும் இந்த ஜீவனைச் சினிமாவிலும் காணலாம். பிரெஞ்சு நகைச்சுவைக் கலைஞர் ழாக் தாத்தி எழுதிப் படமாகாமல் கிடந்த கதையை, பிரெஞ்சு டைரக்டர் சில்வேன் ஷோமே, கையால் வரைந்த சித்திரங்களைக் கொண்டு 2010-இல் 'தி இல்யூஷனிஸ்ட்' என்ற படமாக்கினார். ராக் இசையை நாடி ஜனங்கள் போய்விட, வெறிச்சோடிய அரங்குகளில் வித்தை காட்டிவந்த ஒரு முதிய மாயவித்தைக்காரன், முடிவில் தன் முயலையும் மலைமேல் விட்டுவிட்டுத் தொழிலைத் துறக்கிறான். விநாடிக்கு 24 பிம்பங்கள் ஓடும் சினிமாவில் அவன் கையை உயர்த்துவதற்கே பல சித்திரங்கள் வேண்டும். கூத்துக்கோ ஒரே பாவை போதும். ஆயினும் இரண்டிலும் நம் மனம் கரைவதற்குக் காரணம் ஒன்றே: அசைவு ஒவ்வொன்றிலும் ஒரு மனிதனின் கை தெரிகிறது.

அந்த வித்தைக்காரனுக்கு நேர்ந்தது போன்ற கதி நம் புலவர்களுக்கு நேரலாகாது என்றே கிருஷ்ணன்குட்டிப் புலவர் கூத்தைக் கோயிலுக்கு வெளியேயும் கொண்டுசென்றார். அவர் புதல்வர் ராமச்சந்திரப் புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆனால் விருதினும் பெரிய ஆதரவு, எதிரே வந்து அமரும் ரசிகனே. மட்டாஞ்சேரிச் சித்திரங்களைக் காணச் செல்லும் தமிழர்கள், உற்சவ காலத்தில் ஷோரனூர் வரையிலும் சென்று, கம்பன் பாட்டு ஒலிக்கும் அந்தத் திரையின் முன் ஓரிரவேனும் அமர வேண்டும்.