கட்டியக்காரன் ராஜா ஆனால்...?

புதுச்சேரியை அடுத்த வில்லியனூர் கொம்யூனில் உள்ள கிராமம், உறுவையாறு. இந்த வட்டாரத்தில் தெருக்கூத்து பார்த்தவர்களுக்குக் கட்டியக்காரனைத் தெரியும்.

அவன்தான் கூத்தின் கோமாளி. துரியோதன மகாராஜா திரைக்குப் பின்னால் நிற்பார். "யார் ஐயா நீர்? எந்த ஊர்?" என்று கேட்பான் கட்டியக்காரன். ராஜாவானாலும் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்!

ராஜாவையே கேள்வி கேட்கும் கோமாளி, ஒரு நாள் தானே ராஜா ஆகிவிட்டால்?

இது கதை அல்ல. நிஜமாகவே நடந்திருக்கிறது.

நாடக மேடையில் ஜனங்களைச் சிரிக்க வைத்த எஸ்.வி.சேகர், 2006-ம் ஆண்டு மயிலாப்பூரில் ஜெயித்து, தமிழக சட்டசபைக்குப் போனார். சிரிப்பு நடிகர் கருணாஸ், 2016-ல் திருவாடானையில் ஜெயித்தார். அரசியல்வாதிகளைக் கேலி செய்து பெயர் வாங்கிய பகவந்த் மான், 2022-ல் பஞ்சாப் முதல்-மந்திரி ஆனார்.

உக்ரைன் நாட்டில் இன்னும் அதிசயம். டெலிவிஷன் நாடகத்தில் ஜனாதிபதி வேடம் போட்ட ஜெலன்ஸ்கி, 2019-ல் நிஜ ஜனாதிபதி ஆனார். 2022-ல் ரஷியா படையெடுத்தது. வேடத்தைக் கலைக்கலாம், பதவியின் பாரத்தை அப்படி இறக்கிவைக்க முடியுமா?

நோயும் சிரிப்பும்

பக்கத்தில் உள்ள கேரளத்துக்கு வருவோம். அங்கே இன்னசென்ட் என்று ஒரு சிரிப்பு நடிகர். 1979-லேயே இரிஞ்ஞாலக்குடா நகரசபை உறுப்பினராக இருந்தவர்.

2012-ல் அவருக்குப் புற்று நோய் வந்தது. அவர் மனம் தளரவில்லை. ஆஸ்பத்திரி அனுபவத்தை, 'கேன்சர் வார்டில் சிரிப்பு' என்று மலையாளத்தில் புத்தகமாக எழுதினார்.

2014-ல் சாலக்குடி பார்லிமெண்டு தொகுதியில், இடதுசாரிகள் ஆதரவுடன் சுயேச்சையாக நின்றார். "நடிகருக்கு அரசியல் எதற்கு?" என்று கேட்கிற உலகம் இது. ஆனால் அவர் ஜெயித்தார்.

எம்.பி. ஆனதும் அவர் தன் நோயை மறக்கவில்லை. பெண்களுக்கு வரும் மார்புப் புற்று நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் கருவிகளை, தொகுதி நிதியில் இருந்து அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வாங்கிக் கொடுத்தார். ஏழைப் பெண்களுக்கு அது பெரிய உதவி.

2019-ல் மீண்டும் நின்றார், தோற்றார். அந்தத் தேர்தலில் கேரளத்தின் 20 தொகுதிகளில் 19-ஐ காங்கிரஸ் அணி பிடித்தது. அந்த அலையில் அவரும் தப்பவில்லை. 2023-ம் ஆண்டு மார்ச் மாதம் காலமானார்.

யார் கேட்பது?

கோமாளிக்கு ஓட்டுப் போடலாமா, கூடாதா? அது பெரிதல்ல. நம்மைச் சிரிக்க வைத்தார் என்பதற்காக மட்டும் ஒருவருக்கு ஓட்டுப் போடுவதும் தவறு; சிரிப்பு நடிகர்தானே என்று ஒருவரை ஒதுக்குவதும் தவறு.

கேள்வி கேட்பது சுலபம். பதில் சொல்வதுதான் கஷ்டம். பதவியில் உட்கார்ந்த நாள் முதல், கட்டியக்காரனும் பதில் சொல்லவேண்டியவன் ஆகிவிடுகிறான்.

அப்படியானால் கேள்வி கேட்பது யார்?

ஓட்டுப் போட்டவர்கள்தான். கட்டியக்காரன் ராஜா ஆகிவிட்டால், கட்டியக்காரன் வேலை ஜனங்களுடையது!