செயலிக்குள் இரண்டு எண்கள்

கைபேசியில் ஒரு செயலியின் விவரப் பக்கத்தைத் திறந்தால் 3.9.2 என்பதுபோல ஒரு பதிப்பு எண் தெரியும். ஆண்ட்ராய்டைப் பொறுத்தவரை அது வெறும் எழுத்துத் தொடர். வெர்ஷன் நேம் என்று பெயர். அங்கே 'பொங்கல்' என்று எழுதினாலும் சிஸ்டம் ஏற்றுக்கொள்ளும். எது பழையது, எது புதியது என்று கைபேசி முடிவுசெய்வது வெர்ஷன் கோட் என்ற இன்னொரு முழு எண்ணைப் பார்த்துத்தான்.

3.9-க்கு அடுத்து 3.10 வந்தால் நமக்குப் புரிந்துவிடும். தசமமாகப் படிக்கும் நிரலுக்கோ அது 3.1, 3.9-ஐவிடச் சிறியது. முழு எண்ணில் அந்தச் சிக்கலே எழாது.

இந்தக் கோட் ஏறலாம், இறங்கக் கூடாது. பிளே ஸ்டோரில் ஒருமுறை ஏற்றிய எண்ணை மறுபடி பயன்படுத்தவும் முடியாது. கெடுபிடியாகத் தோன்றலாம், ஆனால் சரியான விதி. பாதுகாப்பு ஓட்டை அடைக்கப்பட்ட செயலியின் மேல் ஓட்டையுள்ள பழையதை யாரும் சத்தமில்லாமல் ஏற்றிவிட முடியாதல்லவா? பிளே ஸ்டோரில் இந்தக் கோடின் உச்ச வரம்பு 2100000000. தேதியோடு அன்றைய வரிசை எண்ணையும் சேர்த்து 2024051203 என்று கோட் வைப்பவர்கள் உண்டு. இந்த நூற்றாண்டு முழுவதற்கும் அது போதும். மணி, நிமிடத்தையும் சேர்த்தால் வரம்பைத் தாண்டிவிடும். கை தவறி வரம்பையே கோடாக வெளியிட்டுவிட்டால், பிறகு அந்தச் செயலிக்கு அப்டேட்டே கிடையாது. அதனால் இந்த எண்ணைக் கையால் தட்டாமல், பில்ட் ஆகும்போது தானாக ஏறும்படி வைப்பதே நல்லது. ஐபோனிலும் பதிப்பு எண், பில்ட் எண் என இதே இரட்டை ஏற்பாடுதான். செயலிகளை உருவாக்கும் கருவியான ஃபிளட்டரில் இரண்டையும் 3.9.2+57 என ஒரே வரியில் எழுதுவார்கள்.

விதியின் முழு வீச்சும் தெரிவது ஒரு வெளியீடு சொதப்பும்போது. கோட் 57 கொண்ட வெளியீடு திறந்தவுடன் கிராஷ் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 56 நன்றாக ஓடியது. விநியோகத்தை நிறுத்தலாம், ஆனால் ஏற்கெனவே 57 போய்ச் சேர்ந்த கைபேசிகளுக்கு 56-ஐ அனுப்ப வழியில்லை. 56-இன் நிரலையே எடுத்து, 58 என்று எண்ணிட்டு அனுப்ப வேண்டும்.

அதிலும் ஒரு கண்ணி உண்டு. கைபேசிக்குள் இருக்கும் எஸ்கியூலைட் தரவுத்தளத்துக்கும் தனிப் பதிப்பு எண் உண்டு. 57 அதை 4-லிருந்து 5-க்கு உயர்த்தியிருந்தால், 4-ஐ எதிர்பார்க்கும் பழைய நிரல் அதைத் திறக்கும்போதே பிழை காட்டி விழும். எனவே 58-ஐ அனுப்புமுன் தரவுத்தளப் பகுதியை மட்டும் 57-இல் இருந்தபடியே விட்டுவைக்க வேண்டும்.